லீவு போட்ட நோய்

காலையில் உப்புப் பாத்தியில் இறங்கும்போது பூவிழி நன்றாகத்தான் இருந்தாள். உப்பை வாரி வாரி, வெயில் ஏறியதும் இமை இரண்டும் தொங்கிவிட்டன. பேச்சும் குழறியது.

"காலையிலேயே ஊத்திக்கினியா?" என்றார் மேஸ்திரி சேட்டு. "இன்னொரு நாள் இப்படி வந்தேன்னா வேற ஆள் போட்டுடுவேன்."

"சத்தியமா இல்லைண்ணே..." அதுவும் குழறலாகத்தான் வந்தது. அவமானத்தில் கூனிக்குறுகிப் போனாள்.

திரும்பினால், கூட வேலை செய்யும் லூர்துமேரி அவளை செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா பண்றே?"

"சும்மாதான்டி. மேல பாரு. ஏதாவது பேசு."

மறுநாளும் எடுத்தாள். பூவிழிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஊருக்கெல்லாம் அனுப்பிச் சிரிக்கிறியா? இனிமே என் மூஞ்சியில முழிக்காத!"

அன்றைக்கே லூர்துமேரியின் நம்பரை பிளாக் செய்துவிட்டாள்.

வைத்தியம் பார்க்காமலா இருந்தாள்? மூன்று முறை லீவு போட்டு புதுச்சேரி டாக்டரிடம் போனாள். பஸ்ஸில் தூங்கி இறங்கினால் கண் பளிச்சென்று இருக்கும். அவரும் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுவார். நான்காவது முறை புருஷன் ஐயப்பன் வலுக்கட்டாயமாகக் கூட்டிப்போனபோது, பார்த்தவுடனே ஆன்டிபாடி டெஸ்ட் எழுதினார்.

இன்று ரிசல்ட்.

"பாசிட்டிவ்மா. உடம்பைக் காப்பாத்த வேண்டிய ஆன்டிபாடியே, நரம்பு சொல்றதைத் தசைக்குப் போகவிடாம தடுக்குது. வேலை செய்யச் செய்ய தசை சோர்ந்துடும், ஓய்வெடுத்தா தேறிடும். மாத்திரையில கட்டுப்படுத்தலாம்."

பூவிழி துள்ளி எழுந்தாள். வியாதி இருக்கிறது என்றதற்கு இப்படிக் குதித்த ஆளை அந்த டாக்டர் பார்த்திருக்க மாட்டார்.

"யோவ், கேட்டியா? நான் குடிகாரி இல்லை! இந்தப் பேப்பரை அந்த லூர்துமேரி மூஞ்சியில விட்டெறியணும்!"

அப்படியே டாக்டர் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"நீங்க தெய்வம் சார்! மூணு வாட்டி தெரியாதது இந்த வாட்டி எப்படி சார் தெரிஞ்சுது?"

டாக்டர் விழித்தார்.

"லூர்துமேரி உங்க அக்கா இல்லையா? நீங்க உப்பு வார்ற வீடியோவையெல்லாம் கொண்டாந்து காட்டி, 'லீவு போட்டு வந்தா உங்களுக்கு எப்படி சார் தெரியும்? என் தங்கச்சி குடிக்கிறவ இல்லை'ன்னு எங்கிட்ட சண்டை போட்டதே அவங்கதானேம்மா!"

பூவிழி பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். அடுத்த நொடியே ஐயப்பன் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"யோவ், பிளாக் பண்ண நம்பரை எப்படிய்யா எடுக்கிறது? சீக்கிரம் சொல்லுய்யா!"