ஐந்து நட்சத்திரம்

அவள் மடிக்கணினியைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள்.

எதிரே நீச்சல்குளத்து முதலாளி. பக்கத்தில் அவளுடைய மேலாளர். நடுவே விளம்பர ஒப்பந்தம். ஏழாவது வருடத்துக்கான கையெழுத்து இன்னும் விழவில்லை.

வேறு இரண்டு விளம்பர நிறுவனங்கள் தம்மைத் தேடி வந்ததாக முதலாளி சொன்னார். போகவில்லையாம்.

“போஸ்டர் எவன் வேணாலும் போடுவானுங்க. அந்தாளை என்ற கண்ணுல படாம வெச்சிருக்கறீங்க பாருங்க, அதுக்குத்தான் இருக்கறேன்.”

மேலாளர் அவள் பக்கம் திரும்பித் தலையசைத்தார். பாராட்டு.

அந்த ஆளை அவள் நேரில் பார்த்ததில்லை. பெயர் சிவநேசன். குளத்தின் இணையப் பக்கத்துக்கு மாதம் ஒரு முறை வருவார். ஒரே ஒரு நட்சத்திரம் கொடுப்பார். என் மகள் இங்கே மூழ்கி இறந்தாள், காவலுக்கு ஆள் இல்லை. அவ்வளவுதான் எழுதுவார்.

உடனே அந்த விமர்சனத்தை நீக்கச் சொல்லி அவள் அலுவலகத்தின் பதினான்கு கைபேசிகளிலிருந்தும் புகார் போகும். மூன்று நாளில், சில மாதம் நான்கு நாளில், அது மறைந்துவிடும்.

நோட்டில் தேதி குறிப்பது அவள் வேலை. புகாருக்குக் காரணம் தேர்ந்தெடுப்பதும். பொய்த் தகவல். பொருத்தமற்றது. மிரட்டல்.

விரல் ஒவ்வொரு முறையும் அங்கே நின்றுவிடும். சரியான காரணம் எதுவென்று அவளுக்குத் தெரிந்ததே இல்லை.

இந்த மாதம் அவர் இன்னும் வரவில்லை.

திரையில் புதிய விமர்சனம் ஒன்று வந்து விழுந்தது. சிவநேசன்.

ஐந்து நட்சத்திரம்.

நல்ல இடம். தண்ணீர் அவ்வளவு தெளிவு. என் மகள் இதழினி அடியில் கிடந்தது மேலிருந்தே தெரிந்தது. பார்க்கத்தான் யாரும் இல்லை.

அவள் இரண்டு முறை படித்தாள்.

“என்ன கண்ணு, புதுசா ஏதாச்சும்?” என்றார் முதலாளி.

“அஞ்சு ஸ்டார் சார்.” வாய் சொல்லிவிட்டது.

அவர் முகம் மலர்ந்தது. சத்தமாகப் படிக்கச் சொன்னார்.

“நல்ல இடம். தண்ணீர் அவ்வளவு தெளிவு.”

அதை அப்படியே வாசலில் பலகையாக மாட்டிவிடலாம் என்றபடி, கையெழுத்துப் போடக் குனிந்தார்.

மேலாளர் எட்டித் திரையைப் பார்த்தார். மேசைக்கு அடியில் அவள் பாதத்தை அழுத்தி மிதித்தார்.

“அவ்வளவுதானா கண்ணு?”

அடுத்த வரியில் ஒரு பெயர் இருந்தது. இந்த ஆறு வருடத்தில் அந்த அறையில் யாரும் அதைச் சொன்னதில்லை.

அவள் பாதத்தை உருவிக்கொண்டாள்.