பாழாய்ப்போன அந்த வார்த்தை

"உசுரோட குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கிற மனுசனுக்கு ஹார்ட் ஃபெயிலியர்னு எழுதியிருக்காங்களே, எழுதின கை விளங்குமா?"

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் வராததுமாக பிரகதாம்பாள் ஆரம்பித்துவிட்டாள். டிஸ்சார்ஜ் சீட்டை எழுத்துக்கூட்டிப் படித்ததில் வந்த வினை. ஊரில் அந்த வார்த்தையைச் சொன்னால், 'எப்ப எடுக்கிறாங்க?' என்றுதான் கேட்பார்கள்.

கணவர் நடராசன் களைப்பில் திண்ணையில் சாய்ந்தார். மருமகள் வானதிதான் வசமாக மாட்டினாள். அதே ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை. ஃபைலைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய கோடு நம்பரைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள்.

"தினம் கோடு போடுறியே, அந்த வார்த்தை மேல ஒரு கோடு போட்டா என்னவாம்?"

"முடியாது அத்தை. ஹார்ட் நிக்கலை. மோட்டார் ஓடுது, தண்ணி இழுக்கிற வேகம்தான் குறைஞ்சிருக்கு. அதுக்குத்தான் அந்தப் பேரு."

"மாமனார் மேல பாசம் இருந்தா எடுத்திருப்ப."

வானதி சீட்டை மடித்து மாமனாரின் சட்டைப் பையில் வைத்தாள். "எந்த டாக்டர்கிட்ட போனாலும் இதைக் காட்டுங்க மாமா."

அக்கம்பக்கத்தில் கேட்டவர்களிடம் 'வாயுப் பிடிப்பு' என்று மழுப்பி வைத்தாள் பிரகதாம்பாள்.

குறுவை நடவு பார்க்கப் போன நடராசன் ஒருநாள் மூச்சிரைக்கத் துவண்டுபோய்த் திரும்பினார். நீடாமங்கலம் கிளினிக்குக்கு ஆட்டோ பறந்தது. பிரகதாம்பாளே முந்திக்கொண்டாள்.

"அசதிதான் டாக்டர். ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏத்திவிடுங்க, தெம்பாயிடுவாரு."

டாக்டர் ஜெக்கரியா, நடராசன் நீட்டிய சீட்டைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இவரு ஹார்ட்டுக்கு பாட்டில் தாங்காதும்மா. ஏத்தினா நுரையீரல்ல தண்ணி கோத்துக்கும். உசுருக்கே ஆபத்து. நிறைய பேர் வெறும் மூச்சுத் திணறல்னு எழுதி அனுப்பிடுறாங்க. இதை எழுதின கைக்குத் தங்கக் காப்பு போடணும்."

பிரகதாம்பாள் சீட்டை வாங்கி இன்னொரு முறை எழுத்துக்கூட்டினாள்.

ஊசி போட்டு, மூச்சு சீரானதும் வீடு திரும்பினார்கள். வழியில் நடராசன் மெல்லச் சொன்னார்.

"தஞ்சாவூர்லயும் முதல்ல மூச்சுத் திணறல்னுதான் எழுதியிருந்தாங்க. வானதிதான் எக்கோ ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு, 'காரணத்தையும் எழுதுங்க டாக்டர்'னு ஃபைலைத் திருப்பி அனுப்பிச்சா. நீ திட்டுறப்ப சொல்ல வந்தேன். 'அத்தை பயத்துல பேசுறாங்க, விடுங்க மாமா'ன்னுட்டா."

வாசலில் பக்கத்து வீட்டு நாகம்மாள் நின்றிருந்தாள். "அண்ணனுக்கு என்னக்கா, மறுபடி வாயுவா?"

அப்போதுதான் வேலை முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள் வானதி. பிரகதாம்பாள் அவள் கையைப் பிடித்து உயர்த்திக் காட்டினாள். தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்:

"வாயுவும் இல்லை, ஒண்ணும் இல்லை. ஹார்ட் ஃபெயிலியர். எழுத வெச்சது இந்தக் கைதான்."