கடிக்கிற குட்டி

பிடரியைப் பிடித்துத் தூக்கியதும் முதல் குட்டி வீல் என்று கத்தியது.

"இது ஆகாது." நாய்க்காரர் லூ அதைக் கூடைக்குள் போட்டுவிட்டு அடுத்ததைத் தூக்கினார்.

கறுப்புக் குட்டி. நான்கு காலும் தொங்க, மூச்சுக் காட்டாமல் அவர் கையில் கிடந்தது.

சுற்றி நின்ற ஆண்கள் மெச்சித் தலையாட்டினார்கள். தோங் வான் சந்தையில் மோங் மலையினத்து ஆட்கள் நாய் பார்க்கிற லட்சணம் இதுதான். கத்தினால் கோழை, கத்தாவிட்டால் வீரன். அதற்கு மேல் யாரும் யோசிப்பதில்லை.

"இதையே எடுப்போம்க்கா. அழவே இல்ல பாரு," என்றாள் மாய். பதினாறு வயது. தானே நெய்த சணல் பாவாடையை இன்றைக்குத்தான் முதல்முறை உடுத்தியிருந்தாள்.

"பயத்துல வெறைச்சுப் போய் கெடக்குடி. அதுக்குப் பேரு வீரமாம்," என்றாள் சூவா.

புத்தாண்டுக்குள் தங்கைக்கு ஒரு நாய் வேண்டும். சந்தைக்கும் தண்ணீருக்கும் அவளோடு போகிற நாய். கடிக்கிற நாய். இதற்காகத்தான் புருஷன் வீட்டிலிருந்து விடியுமுன் மலையிறங்கி வந்திருந்தாள் சூவா. இன்றைக்கு விட்டால் புத்தாண்டுக்கு முன்னால் வேறு சந்தை இல்லை.

கூடையின் மூலையில் ஒரு பழுப்புக் குட்டி, மொட்டைவால். எட்டிப் பார்க்கிற எல்லோரையும் முறைத்துக்கொண்டிருந்தது.

"அது வேணாம் பொண்ணே. ரெண்டு வீட்டுலருந்து திரும்பி வந்திருச்சு. சொன்ன பேச்சு கேக்காது, அடிச்சா திருப்பிக் கடிக்கும். என் பொண்டாட்டி மாதிரி," என்றார் லூ.

ஆண்கள் சிரித்தார்கள்.

பக்கத்தில் சோளச் சாராயம் விற்றுக்கொண்டிருந்த அவர் மனைவி தலையைத் திருப்பாமலே சொன்னாள்: "அதான் இந்த மனுஷன் இன்னும் உருப்படியா இருக்காரு."

இப்போது பெண்கள் சிரித்தார்கள்.

"மாய், அதைத் தூக்கு."

மாய் கையை விட்டாள். குட்டி உடம்பை ஒரு முறுக்கு முறுக்கி, கட்டைவிரல் சதையில் பல்லை இறக்கியது.

"இழுக்காதே!" லூவின் குரலில் இருந்த கேலி போய்விட்டது. "இழுத்தா அதுக்கு வேட்டை. அடிச்சா சண்டை. அப்படியே வை. தானா விடட்டும். இந்தச் சாதிக்கு அடி ஏறாது பொண்ணே. உன் கையால சோறு போடு, காத்திருக்கப் பழக்கு. மதிச்சா உசிரைக் கொடுக்கும்."

மாய்க்குக் கண்ணில் நீர் முட்டியது. கை அசையவில்லை.

குட்டி அவளை ஏறிட்டுப் பார்த்தது. யோசித்தது. பிறகு வாயைத் திறந்தது.

"இதுதான்," என்றாள் சூவா.

"கடிக்கிறதைப் போயா, அக்கா?"

சூவா குட்டியைத் தூக்கித் தங்கையின் முதுகுக்கூடைக்குள், துணி மடிப்பில் வைத்தாள்.

சூவாவுக்கும் அன்று பதினாறு வயது. இதே சந்தை, புத்தாண்டு வாரம். ஒருவனும் அவன் கூட்டாளிகளும் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள், பெண்டாட்டியாக்க. சம்மதித்த பெண்ணுக்கு அந்த இழுப்பு ஒரு விளையாட்டு. முன்னமே பேசி வைத்திருப்பார்கள். அவளும் வழக்கத்துக்குக் கொஞ்சம் அழுவாள்.

சூவா யாரோடும் எதையும் பேசி வைக்கவில்லை. நிஜமாகவே அழுதாள். தொண்டை கிழிய அழுதாள்.

சந்தையே நின்று பார்த்தது. நன்றாக அழுகிறாள், நல்ல வளர்ப்பு என்றது.

புருஷன் கெட்டவன் இல்லை. அதைச் சொல்லிச் சொல்லியே எல்லோரும் அவள் வாயை அடைத்தார்கள். இப்போது அரசாங்கம் இழுப்புக்குத் தடை போட்டு, சந்தை வாசலில் பலகை வைத்திருக்கிறது. பையன்கள் அந்தப் பலகையில் சாய்ந்துகொண்டுதான் பெண்களைப் பார்க்கிறார்கள்.

"கழுத்துக்கு ஒரு கயிறு கொடுங்க மாமா," என்று சூவா குனிந்தாள். லூ சணல் கயிறுகளைக் கிளறினார்.

பின்னால் ஓர் அலறல். ஆண் குரல்.

"ஐயோ, கை! என் கை!"

லூ நிமிராமலே சிரித்தார். "குட்டி வேலையைக் காட்டிருச்சு. நான்தான் சொன்னேனே."

சூவா திரும்பினாள். புதுச்சட்டை போட்ட பையன் ஒருவன் முன்கையைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு குதித்தான். அவனோடு வந்தவர்கள் இரண்டடி பின்வாங்கி நின்றார்கள். மாயின் மணிக்கட்டில் விரல்கள் பதிந்த தடம் சிவந்திருந்தது.

சந்தை நின்று பார்த்தது. வழக்கம் என்று யாரும் சொல்லவில்லை. சாராயக்காரிதான் முதலில் சிரித்தாள். பிறகு அந்த வரிசை முழுக்கச் சிரித்தது.

சூவா ஓடிப் போய்க் கூடைக்குள் பார்த்தாள்.

குட்டி சுருண்டு படுத்து நல்ல தூக்கத்தில் இருந்தது.

மாய் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"உப்புக் கரிக்குதுக்கா," என்றாள்.