முதுகுக்குப் பின்னால் ஒரு கிளை

அணை கட்டியபோது மூழ்கிய மரங்கள் ஏரிக்குள் பட்டுப்போய் நிற்கின்றன. அவற்றுக்கு நடுவே படகு வளைந்து வளைந்து போகிறது. கரை என்று ஒன்று இல்லாமல், சுற்றிலும் மழைக்காடு பச்சையாக நேரே தண்ணீரில் இறங்குகிறது. சில்வண்டுகளின் இரைச்சல் இயந்திரச் சத்தத்தையும் மீறிக் காதை அடைக்கிறது. அவளுக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம்தான் ஆகிறது. "நானும் இப்பதான் முதல் தடவையா வர்றேன்" என்று ஏறும்போதே கணவன் சொல்லியிருக்கிறான். படகு போகும் திசைக்கு முதுகைக் காட்டி, அவளுக்கு எதிரே உட்கார்ந்து அவளைப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறான். பேச்சுக்கு நடுவே சட்டென்று தலையைக் குனிகிறான். அடுத்த நொடி, பாசி தொங்கும் கிளை ஒன்று அவன் பிடரிக்கு மேலாகக் கடக்கிறது. அவள்தான் பதறிப்போய்க் குனிகிறாள். "கிளை வருதுன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" "நிழல் விழுந்துச்சே." அவள் அண்ணாந்து பார்க்கிறாள். வானம் முழுக்க மேகம் மூடிக்கிடக்கிறது. தண்ணீரில் எதன் நிழலும் இல்லை. அவள் பின்னால் திரும்பிப் படகுக்காரரிடம் கேட்கிறாள்: "அண்ணே, இவரு இதுக்கு முன்னாடி உங்க படகுல வந்திருக்காரா?" படகுக்காரர் முதலில் கணவன் முகத்தைப் பார்க்கிறார். பிறகுதான் அவள் பக்கம் திரும்புகிறார். "இல்லம்மா. சார இன்னைக்குத்தான் பாக்கறேன்." "கேட்டுக்கிட்டியா?" என்று கணவன் சிரிக்கிறான். "ம்" என்கிறாள் அவள். இன்னும் முக்கால் ஏரி பாக்கியிருக்கிறது.