மேல்வீட்டுக்காரிக்கு ஓர் உடற்பயிற்சி

டிவியில் குதித்த வாத்தியாரோடு சேர்ந்து காது மெஷின்காரரும் குதித்தார். குதித்த கையோடு, தரையில் வைத்திருந்த சாசரைக் குனிந்து பார்த்தார்.

சாசரில் திருகாணிகள் துள்ளிக்கொண்டிருந்தன.

"இவரும் ஆகாது" என்று அடுத்த வீடியோவுக்குப் போனார்.

மனைவி கரண்டியும் கையுமாக அடுக்களை வாசலில் வந்து நின்றாள். "ஏதாவது ஒண்ணப் பிடிச்சுச் செஞ்சாத்தானே தொப்பை கரையும்? செருப்புக் கடையில உக்காந்த மாதிரி ஒவ்வொண்ணா மாட்டிப் பாத்துக் கழட்டிப் போடுறீங்க!"

"எனக்கா பாக்கிறேன்? மேல்வீட்டுக்காரிக்குல்ல பாக்கிறேன்."

கரண்டி அந்தரத்தில் நின்றது.

விஷயம் இதுதான். அவர் வீட்டிலேயே மேஜை போட்டுக் காது மெஷின்களைப் பழுது பார்ப்பவர். தினமும் காலை பத்து மணிக்கு, இவர் ட்வீசரால் திருகாணியைப் பிடிக்கிற நேரமாகப் பார்த்து, மேலே 'தொம், தொம்' என்று ஆரம்பிக்கும். கடுகுக்குத் தம்பி மாதிரி இருக்கும் திருகாணி தெறித்து ஓடும். ஓடினால் தேடிக்கொள்ளலாம். ஆனால் இப்போது மேஜையில் கிடப்பது மகளின் மாமியாருடைய மெஷின்.

மெஷின் இல்லாத சம்பந்தியம்மாள் ரகசியத்தையும் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லுவார். முந்தாநாள் மகள் போனில் பேசும்போது பின்னாலிருந்து ஒரு ரகசியம் வந்து விழுந்தது. "உங்கப்பாவுக்குக் கை நடுங்குதாமே? வேற யார்கிட்டயாவது குடுத்திருக்கலாம்!"

நடுங்குவது கை இல்லை, வீடு. சாயங்காலம் சம்பந்தியம்மாள் வந்து மெஷினைக் காதில் மாட்டிக்கொண்டால் பேச்சு அடங்கிவிடும்.

மேலே குதிப்பவளை இவர் கண்ணால் கண்டதில்லை. காது இருக்கும்போது கண் எதற்கு? போன மாதம் மேலே சாமான்கள் நகர்ந்தபோதே, புதுக்குடித்தனம் வந்தாயிற்று என்று சொல்லிவிட்டார். மிச்சத்தைத் தொம் தொம்மை வைத்துச் சொன்னார். வயது முப்பதுக்குள். கல்யாணத்துக்குள் இளைத்துவிட வேண்டும் என்று வெறி. பிடிவாதக்காரி. இடது முழங்கால் கொஞ்சம் மக்கர். இதையெல்லாம் கேட்டுக் கேட்டு, மனைவிக்கே அந்தப் பெண்ணின் முழங்காலைப் பற்றிக் கவலை வந்துவிட்டது.

சண்டைக்குப் போனால் இன்னும் ஓங்கிக் குதிப்பாள். அதனால் சத்தம் வராத ஒரு வீடியோவாகத் தேர்ந்தெடுத்துப் பரிசாகவே கொடுத்துவிடுவது என்று முடிவு. அதற்குத்தான் ஒரு வாரமாக இந்தச் சாசர்.

முதல் வாத்தியார் பல்லைக் காட்டிக்கொண்டே குதித்தார். அடுத்து வந்தவர்கள் இரட்டைச் சகோதரிகள், ஆபத்தும் இரட்டை. ஒருவர் பட்டாளத்தில் இருந்தவராம், அவர் செருமினாலே சாசர் அதிர்ந்தது. கடைசியாக ஒரு பெரியம்மா வந்தார். பாயில் மல்லாந்து படுத்து, ஒரு காலைத் தூக்கி, மறந்துபோன பெயரை யோசிப்பவர் போல வெகுநேரம் அப்படியே இருந்தார். இவரும் இருந்தார்.

திருகாணிகள் தூங்கின.

பெரியம்மாவைப் பென்டிரைவில் ஏற்றி முடிக்கவும் பத்து மணி ஆகவும் சரியாக இருந்தது. மேலே தொம்.

கதவைத் திறந்தால் கீழ்வீட்டுப் பல் டாக்டர் நிற்கிறார். அவர் கையிலும் ஒரு பென்டிரைவ்.

"தப்பா நினைக்காதீங்கண்ணே. ஒரு வாரமா நீங்க குதிக்கிறப்பல்லாம் நான் பிடுங்குற பல்லு மாறிப் போகுது. இதுல எல்லாமே படுத்துக்கிட்டே செய்யறது."

அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மாடியேறினார்.

மேல்வீட்டுக் கதவில் பூட்டு. பூட்டுக்கு மேலே 'வாடகைக்கு' என்று அட்டை. போன மாதம் நகர்ந்த சாமான்கள் வந்தவை அல்ல, போனவை.

தொம் தொம் மட்டும் நிற்கவில்லை. அதற்கும் மேலேயிருந்து வந்தது.

மொட்டை மாடியில், தொட்டிக்குப் பக்கத்தில், தண்ணீர் மோட்டார் குதித்துக்கொண்டிருந்தது. அதன் இடது கால் போல்ட் கழன்றிருந்தது. முழங்கால் விஷயத்தில் அவர் அப்படியொன்றும் தவறிவிடவில்லை.

ஸ்பேனர் எடுத்துவந்து இறுக்கி முடுக்கினார். மோட்டார் பூனை மாதிரி ஓடியது. அவள் கல்யாணமும் அத்தோடு நின்றுபோனது.

வீட்டில் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. இத்தனை வருஷத்துக் காதின் மானம் என்ன ஆவது?

மேஜை முன் உட்கார்ந்து லென்ஸை மாட்டினார். வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது. பக்கத்து அறையில் மனைவி செய்தித்தாள் புரட்டுவதுகூடத் துல்லியமாகக் கேட்டது.

ட்வீசரால் திருகாணியைப் பிடித்தார்.

மேஜை அசையவில்லை. விளக்கு அசையவில்லை. டம்ளரில் தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது.

திருகாணி மட்டும் ட்வீசர் நுனியில் ஆடியது. ஆடி, தெறித்து, ஓடியது.

கையை லென்ஸுக்கு முன்னால் கொண்டுவந்தார். பழுதுக்கு வந்த புது மாதிரி மெஷினைப் பார்ப்பதுபோல, ஆவலோடு திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பிறகு குரல் கொடுத்தார். "ஏம்மா... மேல அவ இன்னும் நிறுத்தலையே. உனக்குக் கேக்குதா?"

பக்கத்து அறையில் தாள் புரட்டும் சத்தம் நின்றது.

"ஆமாங்க," என்றாள் மனைவி. "நல்லாக் கேக்குது."