சேராதீங்க அக்கா

"அக்கா, உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். இந்தக் கம்பெனியில மட்டும் நீங்க சேராதீங்க."

சமையலறை வாசலில் நின்று ஓரகத்தி இப்படிச் சொன்னதும், பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த மூத்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏன், நீ மட்டும்தான் மேல போகணுமா?"

"அதுக்கில்லைக்கா..."

"பின்னே எதுக்காம்? எனக்கு வாய் இல்லையா, பேசத் தெரியாதா?"

"உங்க வாயைப் பத்தி நான் சொல்லணுமா? ஆனா இது வேண்டாம்க்கா. எனக்காக விட்டுடுங்க." இளையவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

'எனக்காகவாம்! நான் வந்துட்டா இவ பவுசு போயிடும்னு பயம்' என்று மூத்தவள் கடாயைப் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தாள்.

பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைக்க முடியாது. அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டு, ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் காலம் தள்ளுகிறவர்கள் இருவரும். மூத்தவள் பல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கிற வேலையில் அலுத்துப் போனவள். இளையவளோ சோப்பும் ஷாம்பூவும் விற்க ஆள் சேர்க்கும் கம்பெனி ஒன்றில் சேர்ந்து, மேடையேறிக் கைத்தட்டல் வாங்கி, 'தங்க உறுப்பினர்' என்று தோளில் பட்டையும் மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அந்தப் படத்தை மாமியார் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டி வைத்து, வருகிறவர்களிடமெல்லாம், "எங்க சின்ன மருமக" என்று காட்டுவார். அவர்களுக்குக் காபி கொண்டுவந்து நீட்டுகிற பெரிய மருமகள் யார் கண்ணிலும் படுவதில்லை.

போதாக்குறைக்கு, மாதம் பிறந்தால் கம்பெனி வேன் வரும். பெட்டி பெட்டியாக இறங்கும். இளையவள் அறையில் கட்டிலுக்கு அடியில், பீரோவுக்கு மேலே, எங்கே பார்த்தாலும் சரக்கு. இவ்வளவு வந்து இறங்குகிறதென்றால் எவ்வளவு வியாபாரம் நடக்கும் என்று நினைக்க நினைக்க மூத்தவளுக்கு வயிறு எரியும்.

"சேரணும்னா சேரு," என்றான் கணவன், மிக்ஸியைக் கழற்றிப் போட்டுக்கொண்டே. "ஆனா ஒப்பந்தத்தை முழுசாப் படிக்காம கையெழுத்துப் போட்டுடாதே."

"நான் என்ன பச்சைக் குழந்தையா?"

மறுநாளே கம்பெனி அலுவலகத்துக்குப் போய்விட்டாள். கோட்டும் டையுமாக இருந்தவர் காகிதக் கட்டை நீட்டி, பேனாவையும் திறந்து கொடுத்தார்.

"இருங்க சார், படிக்கணும்."

"படிக்கணுமா?" கோட்டுக்காரர் அவளை அதிசயமாகப் பார்த்தார். "இங்க யாரும் படிக்கிறதில்லையே மேடம்."

அவள் விரலை வைத்து வரி வரியாகப் படித்தாள். கோட்டுக்காரர் ஒரு டீ குடித்தார், இன்னொரு டீயும் குடித்தார். திடீரென்று அவள் விரல் நின்றது.

"சார், ஒரே வீட்டுல ரெண்டு பேர் உறுப்பினரா இருக்க முடியாதுன்னு போட்டிருக்கே? எங்க வீட்டுல ஏற்கெனவே ஒருத்தி இருக்காளே!"

"தாராளமா நீங்க சேரலாம் மேடம். ஆனா நீங்க சேர்ந்த நிமிஷமே அவங்க வெளியே. அவங்க பேர்ல இருக்கிறதெல்லாம் உங்க பேருக்கு மாறிடும்."

"அந்தத் தங்க உறுப்பினர் பட்டம்?"

"அதுவும்தான்."

"கூடத்துல இனிமே என் படம்தான்னு சொல்லுங்க!"

"உங்க வீட்டுக் கூடம் எனக்குத் தெரியாது மேடம்."

அடிப்பாவி, இதுக்குத்தான் கும்பிட்டியா! மூத்தவளுக்கு அப்போதே கால் தரையில் பாவவில்லை. பேனாவைப் பிடுங்காத குறையாக வாங்கினாள்.

"இன்னும் பக்கம் இருக்கு மேடம்."

"வேண்டாம் சார். எனக்கு வேண்டியது கிடைச்சாச்சு."

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. எல்லாரும் கேட்கக் கூடத்தில் நின்று சொன்னாள்.

"சேர்ந்துட்டேன். இனிமே இந்த வீட்டுல தங்க உறுப்பினர் நான்தான்!"

இளையவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதாள். மாமியார் பதறிப்போனார். மூத்தவள் வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது.

"அழுது என்னடி பண்றது? எல்லாம் ஒப்பந்தத்துல இருக்கு. நான் படிச்சுட்டுத்தான் போட்டேன்."

இளையவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். தன் அறைக்குப் போய் ஒரு பெட்டியை இழுத்துவந்து மூத்தவளின் அறை வாசலில் வைத்தாள். திரும்பிப் போய் இன்னொன்றை இழுத்துவந்தாள்.

"என்னடி இது?"

"விக்காத சரக்குக்கா. வித்தாலும் விக்காட்டியும் மாசாமாசம் எடுத்தே ஆகணும், ஒப்பந்தம் முடியறவரைக்கும் விலகவே முடியாதுன்னு கடைசிப் பக்கத்துல இருக்கு. அதைப் படிக்காமத்தான் நான் மாட்டினேன். என் நகையெல்லாம் இதுலதான் போச்சு. வீட்டுல வேற யாராவது சேர்ந்தாத்தான் எனக்கு விடுதலை. நீங்க நல்லா இருக்கணும்க்கா!"

மூத்தவள் பெட்டியைக் காலால் தடுத்தாள். "அப்போ... அப்போ ஏண்டி என்னைச் சேராதீங்கன்னு அப்படிக் கெஞ்சினே?"

மூன்றாவது பெட்டியை இழுத்துக்கொண்டே இளையவள் கேட்டாள்:

"சேருங்கன்னு நான் சொல்லியிருந்தா, நீங்க சேர்ந்திருப்பீங்களா அக்கா?"