நடுவருக்குச் சோறு இல்லை

"கேபிள்ல படம் ஓடற நேரத்துல, பந்து பின்னாடி ஓடறதப் பாக்கணுமா?" என்று முணுமுணுத்தபடியேதான் சித்தூர் மைதானத்துக்கு வந்தாள் கிருபாவதி. மடியில் முறத்தை வைத்து அவரைக்காயை நறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

மகள் கேசியா கோல் போட்டதும் முறம் கவிழ்ந்தது. "அப்பிடித்தான்டி, இன்னொண்ணு ஒதை!" என்று எழுந்து கத்தினாள்.

ஆட்டம் முடியும் நேரத்தில் கேசியாவின் காலில் இடறி எதிரணிப் பெண் விழ, நடுவர் பெனால்ட்டி கொடுத்துவிட்டார். அதில் கோல் விழுந்து ஆட்டம் சமமானது.

"கண்ணு அவிஞ்சா பூட்ச்சி? அவ பந்தத்தானே ஒதைச்சா!" என்று கோட்டைத் தாண்டி ஓடிய கிருபாவதியைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சந்தியா பிடித்து இழுத்தாள்.

"வுடுக்கா, ரெஃப்ரி சொன்னா சொன்னதுதான்."

"சொல்லட்டும். இன்னிக்கு அந்த ஆளுக்குச் சோறு கெடையாது!"

"ரெஃப்ரிக்கு நீ எதுக்குக்கா சோறு போடணும்?"

"அந்த ஆளு கையால தாலி கட்டிக்கினேனே, அதுக்குத்தான்!"